டம்டம் தோட்டாவும் பிஸ்லி பேரலும்: ஒரு பிரஷர் புராணம்

டம்டம் தோட்டா பத்தி நம்ம எல்லாருக்கும் ஒரு வரி தெரியும். உடம்புக்குள்ள போனா விரியும், ரொம்பக் கொடூரமானது, அதனால உலக நாடுகள் சேர்ந்து தடை பண்ணிட்டாங்க. பொது அறிவுப் புத்தகங்கள் அதோட முடிச்சுடும். அது குண்டடி பட்டவன் பக்கத்துக் கதை. சுடுறவன் பக்கத்துலயும் ஒரு கதை இருக்குங்க. அதே குடும்பத்துத் தோட்டா, சுட்டவனோட துப்பாக்கிக் குழலையே பதம் பார்த்த கதை. அது வெளிச்சத்துக்கு வந்த இடம் போர்க்களம் இல்லை, ஒரு துப்பாக்கி சுடும் போட்டி மைதானம்.

படிச்சது இன்ஜினியரிங், பார்க்குறது பொட்டி தட்டுற வேலை. துப்பாக்கிக்கும் எனக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனா ஒரு சிஸ்டம் ஏன் விழுந்துச்சு, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு படிக்கிறதுல ஒரு தனி ருசி உண்டு. ஆபீஸ்ல பக் வந்தா சர்வர் படுக்கும். இங்க பக் வந்தா கண்ணு போயிடும். அதனால கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

முதல்ல பிரஷர்னா எவ்வளவு?

நம்ம சேலம், நாமக்கல் ஆளுங்களுக்கு பிரஷர் புதுசு இல்லை. ஊரைச் சுத்தி லாரி, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டின்னு எல்லாமே பிரஷர் பொழப்புதான். லாரி டயர்ல சுமார் 8 பார் காத்து இருக்கும். போர் போடுற ரிக் வண்டி கம்ப்ரஸர் 20 பார் தாண்டி அடிக்கும். அது பக்கத்துல நின்னாலே காது அடைக்கும், இல்லையா?

பழைய .303 ரைஃபிளோட சேம்பர்ல, தோட்டா வெடிக்கும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஐரோப்பியத் தரக் கணக்குப்படி 3650 பார். லாரி டயரை விட 450 மடங்கு. இப்ப இருக்குற .308க்கு 4150 பார். இவ்வளவும் கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல நடக்குது. குண்டு பேரலை விட்டு வெளிய போக, ஒரு நொடியில ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு நேரம்தான் ஆகும். அதுக்குள்ள அழுத்தம் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிடணும்.

மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு திக் சிலிண்டர், லேம் சமன்பாடு எல்லாம் ஞாபகம் இருக்கலாம் (இல்லாட்டியும் பரவாயில்லை, அரியர் வெச்சவங்க மனசை நோகடிக்க மாட்டேன் :-)). சாராம்சம் இதுதான். அழுத்தம் எங்க அதிகமோ அங்க சுவர் தடிமனா இருக்கணும். அதனாலதான் பேரல் பின்பக்கம் தடிமனாவும், வாய்ப்பக்கம் போகப் போக மெலிசாவும் இருக்கும். குண்டு முன்னால போகப் போக பின்னால இருக்குற காத்துக்கு இடம் கிடைச்சு அழுத்தம் இறங்கிடும்ங்கிற நம்பிக்கையில செஞ்ச டிசைன். குண்டு முன்னால போகாம வழியில மாட்டிக்கிட்டா? அந்த நம்பிக்கை போச்சு. மெலிசான இடத்துல பேரல் வளையம் மாதிரி வீங்கும், இல்லேன்னா பிளந்துடும்.

இடியாப்ப மருந்து

1880கள் வரைக்கும் துப்பாக்கின்னா கருமருந்துதான். நம்ம கோயில் திருவிழா வேட்டுல போடுற அதே சங்கதி: வெடியுப்பு, கரி, கந்தகம். ஒரே புகை. 1884ல பிரான்ஸ்ல வியெய்ல்ங்கிறவர் புகையில்லா மருந்து செஞ்சார். அடுத்து நோபல் 1887ல பாலிஸ்டைட் கொண்டு வந்தார். பிரிட்டன்ல ஏபெலும் டுவாரும் 1889ல செஞ்சது கார்டைட். "எங்கிட்ட இருந்து சுட்டுட்டாங்க"ன்னு நோபல் தரப்பு கேஸ் போட்டு 1895ல தோத்ததெல்லாம் தனிப் பதிவுக்கான விஷயம்.

கார்டைட் செய்முறை நம்ம வீட்டு இடியாப்பம்தான். 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். அசிட்டோன் ஊத்திப் பிசைஞ்சு, அச்சுல போட்டுப் பிழிஞ்சு, நூல் நூலா காயவைப்பாங்க. ஒரு .303 தோட்டாவுக்குள்ள இப்படி சுமார் 60 நூல் நிக்கும். நூலோட தடிமன்தான் எரியும் வேகத்தைத் தீர்மானிக்கும். வாசலினைப் போட்டது பேரலுக்கு எண்ணெய் போட்ட மாதிரி இருக்கும்னுதான். அது அந்த வேலையைப் பெருசா செய்யலை. ஆனா மருந்து கெட்டுப் போகாம காப்பாத்துற நல்ல குணம் அதுக்கு இருந்தது பின்னால தெரிஞ்சது. கேட்டது ஒரு ஃபீச்சர், கிடைச்சது வேற ஒண்ணு.

இந்த மருந்துல ரெண்டு வில்லங்கம். ஒண்ணு, சூடு. தீயோட வெப்பம் ரொம்ப அதிகம். 1888ல வந்த லீ மெட்ஃபோர்டு ரைஃபிளுக்குள்ள ஏழு ஆழமில்லாத, விளிம்பு மழுங்கின பள்ளங்கள் இருந்துச்சு. கருமருந்துக் கசடு சேராம இருக்க யோசிச்சு செஞ்ச அருமையான வடிவம். ஆனா கார்டைட் வந்ததும் பள்ளம் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. 1895ல ஐந்து ஆழமான, சதுர விளிம்புப் பள்ளங்களோட லீ என்ஃபீல்டு வந்தது இதனாலதான். அப்புறம் மருந்தையும் மாத்தினாங்க. நைட்ரோகிளிசரினை 30 பங்காக் குறைச்சு, வெடிபஞ்சை 65 ஆக்கி, கார்டைட் எம்.டி. வந்துச்சு.

ரெண்டாவது வில்லங்கம் வெயில். தோட்டா சூடா இருந்தா மருந்து இன்னும் வேகமா எரியும், உச்ச அழுத்தம் கூடும். லண்டன் மழைச்சாரல்ல ஒழுங்கா இருக்குற தோட்டா நம்ம ஊர் சித்திரை வெயில்ல அதே மாதிரி நடந்துக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது.

இந்த கார்டைட்டுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கு. ஊட்டி ரயில்ல போனவங்க குன்னூர் தாண்டி அருவங்காடுன்னு ஒரு ஸ்டேஷன் பார்த்திருப்பீங்க. அங்க இருக்குற கார்டைட் ஃபேக்டரி இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல வெள்ளைக்காரன் கட்டினது. அதுக்குன்னே காட்டேரி அருவியில இருந்து கரண்ட் எடுத்தாங்க. 2021ல ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சப்போ, அது மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குக் கீழ போயிடுச்சு.

டம்டம்ல என்ன செஞ்சாங்க?

டம்டம், கல்கத்தா பக்கத்துல. தோட்டா விஷயத்துல அந்த ஊர் பேரு ரெண்டு தடவை சரித்திரத்துல அடிபடுது. 1857 ஜனவரியில கொழுப்பு தடவின தோட்டா பத்தின வதந்தி கிளம்பினது அங்கதான். நாப்பது வருஷம் கழிச்சு மறுபடியும்.

அதுவரைக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய் வெச்சிருந்தது மார்ட்டினி ஹென்றி. பெரிய காரீயக் குண்டு. .303 வந்தப்புறம் குண்டு சின்னதாச்சு, வேகம் கூடிச்சு. அந்த வேகத்துக்கு வெறும் காரீயம் தாங்காது, பள்ளத்துல வழிச்சுக்கிட்டு நின்னுடும். அதனால மேல குப்ரோ நிக்கல் உறை போட்டாங்க. 1895ல வடமேற்கு எல்லையில சித்ரால் சண்டை நடந்தப்போ, இந்தக் குண்டு ஆளைத் துளைச்சுக்கிட்டுப் போகுதே தவிர ஆளை நிறுத்த மாட்டேங்குதுன்னு ராணுவத்துல புகார். டம்டம் ஆலையில இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே அதுக்கு ஒரு எளிய வழி சொன்னார். நுனியில உறையைக் கொஞ்சம் குறைச்சு காரீயம் வெளிய தெரியற மாதிரி விடு. பட்ட உடனே விரியும். பேரு மார்க் 2 ஸ்பெஷல். ஊர் வெச்ச பேரு டம்டம்.

இங்கதான் எனக்கு சுவாரஸ்யமே ஆரம்பிக்குது. சாதா மார்க் 2 குண்டோட உறையை எப்படிச் செய்வாங்கன்னா, ஒரு பக்கம் மூடின குப்பி மாதிரி இழுத்து, அடிப்பக்கமா காரீயத்தை அழுத்துவாங்க. நுனி மூடியிருக்கும், அடி திறந்திருக்கும். இப்ப நுனியையும் திறந்துட்டா? குப்பி, குழாய் ஆயிடுது. ரெண்டு பக்கமும் ஓட்டை. பின்னால இருந்து ஆயிரக்கணக்கான பார் அழுத்தம் காரீயத்தைத் தள்ளுது. உறையை பேரலோட பள்ளம் கெட்டியாப் பிடிச்சிருக்கு. பற்பசை டியூப் ஞாபகம் வருதா? காரீயம் மட்டும் பிதுங்கி வெளிய போயிடும், உறை பேரல்ல தங்கிடும்.

சுட்டவனுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் வந்துச்சு, உதைச்சுச்சு, குண்டு எங்கயோ போயிடுச்சு. குறி தப்பிடுச்சுன்னு நினைச்சு அடுத்த தோட்டாவைப் போடுவான். ரெண்டாவது குண்டு வந்து அந்த உறையில முட்டும். ஹைவேயில வரிசையா போற லாரியில முன் வண்டி டக்குனு நின்னா பின்னால என்ன ஆகும்? அதேதான்.

லண்டன்ல வூலிச் ஆட்கள் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தாங்க. அதனால டம்டம் வடிவத்தை அப்படியே எடுத்துக்காம, உறையை முழுசா விட்டு, நுனியில மட்டும் ஒரு குழி போட்டாங்க. 1897ல மார்க் 3, 1898ல மார்க் 4. குழி இருக்கறதால விரியும், உறை நுனி வரைக்கும் இருக்கறதால பிதுங்காதுன்னு கணக்கு. பேப்பர்ல சரிதான்.

1899 ஜூலை: பிஸ்லி

பிரிட்டனோட தேசிய ரைஃபிள் சங்கம் 1860ல விம்பிள்டன்ல போட்டியை ஆரம்பிச்சப்போ, முதல் குண்டைச் சுட்டது விக்டோரியா மகாராணி (ஸ்டாண்டுல பூட்டி வெச்ச ரைஃபிள், கயிறை இழுத்ததோட சரி). 1890ல போட்டி பிஸ்லிக்கு மாறிச்சு. இன்னைக்கும் அங்கதான். நம்ம கோலாப்பூர் ராஜா பேர்ல 1871ல இருந்து ஒரு கோப்பைக்கே போட்டி நடக்குது.

ராணுவத்துத் தோட்டாவுக்கு இப்படி ஒரு போட்டி மாதிரி கடுமையான டெஸ்டிங் வேற கிடையாது. நூத்துக்கணக்கான பேர், ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான ரவுண்டு, ஒவ்வொரு குண்டும் எங்க பட்டுச்சுன்னு கணக்கு. சிப்பாய் சண்டையில ஒரு குண்டு தவறினா யாரும் கேக்க மாட்டாங்க. போட்டியாளன் அட்டையில ஒரு குண்டு காணோம்னா சண்டைக்கே வந்துடுவான்.

அந்த வருஷ பிஸ்லியில மார்க் 4 மாட்டிக்கிச்சு. வெயில். தொடர்ந்து சுட்டுச் சூடான பேரல். உள்ள படிஞ்ச கசடு. இது மூணும் சேர்ந்தப்போ உள்ளிருக்கிற மிருதுவான காரீயம் உறையை விட்டுக் கழண்டு, குழி வழியா கிழிச்சுக்கிட்டு வெளிய போச்சு. உறை பேரல்ல. அடுத்த தோட்டாவுக்குக் காத்திருக்கிற கண்ணிவெடி.

இதை நம்ம பாஷையில யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு காரணத்தையும் தனியா டெஸ்ட் பண்ணினா எல்லாம் பாஸ். சுத்தமான பேரல்ல சூடான தோட்டா: பாஸ். குளிர்ந்த பேரல்ல கசடு: பாஸ். எல்லாம் சேர்ந்து வர்றது ஃபீல்டுல மட்டும்தான். அதுலயும் அன்னைக்கு அவங்க கையில இருந்த கருவி செப்பு நசுக்கி மட்டும்தான். சேம்பர் சுவர்ல ஓட்டை போட்டு ஒரு பிஸ்டன், அதுக்கு மேல ஒரு சின்னச் செப்பு உருளை. சுட்டப்புறம் உருளை எவ்வளவு நசுங்கியிருக்குன்னு அளந்து அழுத்தம் சொல்வாங்க. நல்ல கருவிதான். ஆனா அது சொல்றது ஒரே ஒரு எண், அதுவும் சேம்பர் இருக்குற இடத்துக்கு மட்டும். அரை அடி தள்ளி பேரலுக்குள்ள உறை மாட்டி அங்க ஏறுற அழுத்தம் இந்தக் கருவிக்குத் தெரியாது. அது காட்டின எண் நார்மல். பேரல் வீங்கியிருக்கு. இப்ப பீசோ எலக்ட்ரிக் சென்சார் வந்து முழு வளைவும் திரையில தெரியுது. அன்னைக்கு ஆதாரம் வீங்கின இரும்பு மட்டும்தான்.

திருத்தம் சின்னதுதான். காரீயத்துல 2 சதவீதம் ஆண்டிமனி கலந்து கெட்டியாக்கினாங்க. கெட்டிக் காரீயம் லேசுல உறையை விட்டுக் கழண்டு வராது. மார்க் 5ன்னு பேர் வெச்சாங்க. மார்க் 4ஐ வாபஸ் வாங்கினாங்க.

ஒரே மாசத்துல ரெண்டு புகார்

இப்ப தேதிகளைப் பாருங்க. பிஸ்லி போட்டி நடந்தது 1899 ஜூலை. விரியும் குண்டுகளைத் தடை செஞ்ச ஹேக் பிரகடனத்தோட தேதி 1899 ஜூலை 29. ஒரே மாசம்!

ஹேக்ல பிரிட்டன் தரப்புல பேசின சர் ஜான் ஆர்டாவோட வாதம் படிச்சா இன்னைக்கும் வயிறு எரியும். நாகரிகமான சிப்பாய் அடிபட்டா ஒதுங்கிடுவானாம், காட்டுமிராண்டி அடிபட்டாலும் பாய்ஞ்சு வருவானாம், அதனால அவனுக்கு இந்தக் குண்டு வேணுமாம். அந்தக் "காட்டுமிராண்டி" யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனா அதே ஆர்டா சொன்ன ஒரு விஷயத்துல நியாயம் இருந்தது. டம்டமோட கொடூரத்துக்கு ஆதாரமா எல்லாரும் காட்டினது ஜெர்மனியில டூபிங்கன் பேராசிரியர் ப்ரூன்ஸ் செஞ்ச சோதனைகளை. அவர் சுட்டுப் பார்த்தது டம்டம் குண்டே இல்லை. நுனியில காரீயம் ரொம்ப நீளமா வெளிய நிக்கிற, இன்னும் வேகமான மௌசர் வேட்டைக் குண்டு. வேற ஒரு பில்டை டெஸ்ட் பண்ணிட்டு இந்த பில்டு மேல பக் போட்ட மாதிரி. டெஸ்ட் தப்புங்கறதால குண்டு நல்லதாயிடாது, அது வேற.

ஓட்டெடுப்புல பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தாங்க. பிரிட்டன் அந்தப் பிரகடனத்துல சேர்ந்தது 1907ல.

ஆக, ஒரே குண்டு மேல ஒரே மாசத்துல ரெண்டு புகார். ஒண்ணு, இது அடிபட்டவனை மனுஷத்தனம் இல்லாமக் கிழிக்குது. ரெண்டு, இது சுடுறவனுக்கு ஆபத்து. ரெண்டாவது புகாருக்குப் பேட்ச் சில மாசத்துல ரிலீஸ் ஆச்சு. முதல் புகாருக்கு எட்டு வருஷம். இதுல உறுத்துற விஷயம் என்னன்னா, அந்த மார்க் 5 குண்டுலயும் நுனிக்குழி அப்படியேதான் இருந்துச்சு. உறை கழலாமப் பார்த்துக்கிட்டாங்க, விரியறது விரியட்டும்னு விட்டுட்டாங்க. டிக்கெட் க்ளோஸ்டு. குழியில்லாத மார்க் 6 வந்தது 1904ல.

டம்டம்னாலே ஹேக், மனிதாபிமானம்னு மட்டும் பேசுறவங்களுக்கு இந்தப் பேட்ச் வரிசையை ஒரு தடவை காட்டணும்னு தோணுது. யாரோட வலி முதல்ல டிக்கெட் ஆகுதுங்கறதுதான் இதுல இருக்கிற சரித்திரம்.

அமெரிக்காவுல ரெண்டு துப்பறியும் கதை

பிரஷர் சிக்கலைத் தேடிப் பிடிக்கிறதுல இன்னும் ரெண்டு அருமையான கேஸ் இருக்கு. ரெண்டும் ஜூலியன் ஹாட்ச்சர்ங்கிற ராணுவ அதிகாரி எழுதி வெச்சதால நமக்குத் தெரியும்.

1917ல ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சில வெடிச்சுச் சிதறிச்சு. பேரலைச் சுமக்குற ரிசீவர் பாகம் கண்ணாடி மாதிரி நொறுங்கியிருந்தது. தோட்டாவுல சில நேரம் பிரச்சினை இருந்துச்சுதான். ஆனா நல்ல இரும்பு வீங்கணும், வளையணும், நொறுங்கக் கூடாது. தேடிப் போனா உலைக்களத்துல வந்து நிக்குது. பழுக்கக் காய்ச்சின இரும்போட நிறத்தைக் கண்ணால பார்த்தே பதம் சொல்ற பழைய அனுபவசாலிகள்தான் அங்க. மேகம் போட்ட நாள்ல இரும்பு பளிச்சுனு தெரியும். நல்ல வெயில் நாள்ல அதே சூடு மங்கலாத் தெரியும். "இன்னும் பழுக்கலையே"ன்னு கூடக் காய்ச்சுவாங்க. வித்தியாசம் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும்! அளவுக்கு மீறிக் காய்ச்சின இரும்பு உடைசலாயிடும். வெப்பமானி வெச்சு, பதப்படுத்துற முறையையே 1918ல மாத்தினாங்க. 8,00,000க்குக் கீழ வரிசை எண் உள்ள ஸ்ப்ரிங்ஃபீல்டைச் சுடக் கூடாதுன்னு சேகரிப்பாளர்கள் இன்னைக்கும் சொல்றது இதனாலதான்.

நிறம் பார்த்துப் பதம் சொல்றது நம்ம ஊர் விஷயம்தானே. ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து கொஞ்ச தூரம் போனா கஞ்சமலை. அந்தக் காந்தக்கல் இரும்பை உருக்கி எஃகு செஞ்ச பரம்பரை இங்க இருந்தது. கும்பினி உத்தியோகஸ்தர் ஜோசையா ஹீத் 1830கள்ல சேலம் இரும்புக்கல்லை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில ஆலை போட்டார். அப்புறம் எஃகுல மாங்கனீஸ் சேர்க்கிற முறைக்கு 1839ல காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதை வெச்சுச் சம்பாதிச்சது, ஹீத் கோர்ட் வாசல்ல காலம் தள்ளி 1851ல போய்ச் சேர்ந்தார்.

ரெண்டாவது கேஸ் 1921, தேசியப் போட்டி. அப்ப குப்ரோ நிக்கல் உறை பேரலுக்குள்ள கட்டி கட்டியா ஒட்டிக்கும், குறி கெடும். போட்டியாளர்கள் குண்டை கிரீஸ்ல தோய்ச்சுச் சுடுவாங்க. அந்த வருஷம் ஆலையில வெள்ளீயம் பூசின குண்டு கொடுத்தாங்க. கட்டி ஒட்டலை, குறியும் அருமை. கூடவே, கிரீஸ் தடவாதீங்கன்னு எச்சரிக்கை. கேப்பாங்களா? பழக்க தோஷம், தடவினாங்க. ரைஃபிள்கள் உடைஞ்சது.

காரணம் அழகா இருக்கும். வெள்ளீயம் நாளாக நாளாக பித்தளைக் கூட்டோட கழுத்துல பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. வெடிக்கும்போது கழுத்து விரிஞ்சுதான் குண்டை விடுவிக்கணும். விரிய இருந்த சின்ன இடைவெளியில கிரீஸ் ரொம்பியிருந்தது. கிரீஸ் அமுங்காது. கழுத்தும் விரியலை, குண்டும் விடலை, அழுத்தம் ஏறிடுச்சு. ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்திருந்தா பிழைச்சிருக்கும். அடுத்த வருஷம் செம்பும் துத்தநாகமும் கலந்த கில்டிங் மெட்டல் உறை வந்து, கிரீஸ் பழக்கத்துக்கே வேலையில்லாம பண்ணிடுச்சு.

இஷாப்பூர்ல இருந்து இன்றைக்கு

1962 சீனப் போர். நம்ம கையில .303. உலகம் 7.62க்கு மாறிக்கிட்டு இருந்தது. வங்காளத்துல இருக்கற இஷாப்பூர் ஆலை, பழைய லீ என்ஃபீல்டு வடிவத்தையே 7.62க்கு மாத்தினது. அழுத்தம் கூடின தோட்டாங்கறதால இரும்பை மாத்தி, இன்னும் உறுதியான எஃகுல செஞ்சாங்க. 2ஏ, 2ஏ1ன்னு பேர். பழைய .303ஐ அப்படியே குடைஞ்சு 7.62 ஆக்கினதுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, புதுசாச் செஞ்சது. பிரிட்டன்ல போட்டிக்காக பழைய லீ என்ஃபீல்டு நம்பர் 4 உடம்புல 7.62 பேரல் மாட்டினாங்க. அழுத்தம் கூடின தோட்டாவை அதுல சுடறதைப் பத்தி அங்க இருக்குற தேசிய ரைஃபிள் சங்கம் பின்னாடி எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

லீ என்ஃபீல்டுல போல்ட் பூட்டுறது பின்பக்கம். அழுத்தம் கூடினா போல்ட் லேசா நசுங்கிக் கொடுக்கும். மழையில நனைஞ்ச தோட்டா இன்னும் மோசம். காய்ஞ்ச பித்தளைக்கூடு சேம்பர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாதி பாரத்தைத் தானே தாங்கும். ஈரமோ எண்ணெயோ இருந்தா பிடி விட்டுடும், முழுப் பாரமும் போல்ட் மேல. பிஸ்லி பெருசுங்க மழை வந்தா தோட்டாவை முதல்ல மூடுறதுக்குக் காரணம் இதுதான்.

இன்னைக்குப் போட்டிக்காரங்க பார்க்குற அறிகுறிகளும் பழைய பாடங்கள்ல வந்ததுதான். சுட்ட கூட்டோட பிரைமர் தட்டையா நசுங்கியிருக்கா? பின்பக்கப் பித்தளையில எஜெக்டர் முத்திரை விழுந்திருக்கா? போல்ட் திறக்க மக்கர் பண்ணுதா? குண்டு வேகம் கணக்கை விடக் கூட வருதா? சத்தம் வித்தியாசமா கேட்டுச்சா, குண்டு அட்டையில காணோமா? இதுல ஒண்ணு வந்தாலும் நிறுத்து. அடுத்த தோட்டாவைப் போடாத. பேரலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாரு. 1899ல இந்தக் கடைசி ரெண்டு வரி பழக்கத்துல இருந்திருந்தா சில பேரல் பிழைச்சிருக்கும்.

இதெல்லாம் கணக்கு வெச்சிருக்கிற, புகார் சொன்னா கேக்க ஆள் இருக்கிற உலகம். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி மலைப்பக்கம் நாட்டுத்துப்பாக்கிக்கு என்ன குழாய் மாட்டியிருக்கு, எவ்வளவு மருந்து இடிச்சிருக்குன்னு யாரும் எழுதி வெக்கிறதில்லை. அது வெடிச்சா பேப்பர்ல நாலு வரி. லைசென்ஸ் இல்லாததால ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுவான். பக் ரிப்போர்ட் போடவே முடியாத யூசர்.

பேரலுக்குள்ள ஏறுற பிரஷருக்கு யார் சுடுறாங்கன்னு கவலை இல்லை. யாரோட கை போனா சரி பண்றோம்ங்கறதுலதான் மனுஷன் தெரியறான்.

டிஸ்கி: இது சரித்திரப் பதிவு மட்டுமே. இதைப் படிச்சுட்டு யாரும் தோட்டாவை நோண்டிப் பார்க்க வேண்டாம். நோண்டறதுக்கு ஆபீஸ்ல ஆணி நிறைய இருக்கும் :-) அருவங்காடு, இஷாப்பூர் பக்கம் வேலை பார்த்தவங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இருந்தா, அவங்க சொன்ன கதைகளைப் பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.